மூக்குக்கண்ணாடிக் கூடு

டிரோனுக்குப் பெட்டி இருக்கிறது.
அதன் உடம்புக்கென்றே குழித்த நுரைப்பஞ்சு,
இரண்டு கொக்கி, ஒரு சாவி.
எட்டு விசிறிகளுக்குத்தான்
யாரும் இடம் யோசிக்கவில்லை.

ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம்.
காற்றை அறுக்கும் அதன் ஓரம்
பிறந்த குழந்தையின் நகம் மாதிரி,
கீறவும் செய்யும், மடங்கவும் செய்யும்.
மயிரிழை நெளிந்தால் போதும்,
மேலே போனதும் இயந்திரத்துக்குக் குளிர்ஜுரம்.
நாங்கள் அளக்கப்போன பனியாறு
படத்தில் பாலாடையாய்ச் சுருங்கி நெளியும்.

போன வருடம் கம்பளிக் காலுறையில் போட்டேன்.
பெர்மெத் அதன்மேல் கூடாரக் கம்பிகளைச் சாய்த்தாள்.
அதற்கு முந்தின வருடம் ரப்பர் பேண்ட்.
அது அவசரப்படவில்லை.
நான்கு மாதம் அலமாரி இருட்டில் மெல்ல மெல்ல இழுத்து
இறகுகளைக் கும்பிட வைத்துவிட்டது.
வெயிலும் ஆகாது, ஜூலை மதியத்தில்
பூட்டிய காருக்குள் ஒரு மணி நேரம் விட்டிருக்கிறேன்.
அதைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது.

இந்த வருடம் முட்டை அட்டை.
நரின் சந்தையில்
முட்டை வேண்டாம், அட்டை மட்டும் என்றேன்.
விற்பவள் ஏற இறங்கப் பார்த்தாள்.
"எந்தக் கோழிக்கு?"
விளக்கமாகச் சொன்னேன்.
பொறுமையாகக் கேட்டுவிட்டு
முப்பது முட்டைக்கும் காசு வாங்கிக்கொண்டாள்.

அவித்து, உப்புத் தொட்டு, இரண்டு நாள் தின்றோம்.

இரண்டு குழிக்கு ஒரு விசிறி.
நடுமேட்டில் கத்தியால் கீறி
அச்சை அதில் உட்காரவைத்தேன்.
இறகுகள் எதையும் தொடாமல் அந்தரத்தில்.
வலஞ்சுழி இந்த வரிசை, இடஞ்சுழி அந்த வரிசை,
மாற்றிப் பூட்டினால் பறக்காது,
தலைகுப்புறப் புல் மேயும்.

மினிபஸ் ஓட்டி டோக்தோசுன்
அட்டையை மடியில் வைத்திருந்தவளைக்
கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தான்.
முதல் நிறுத்தத்தில்
முன்பலகைமேல் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்து
வெறும் கூட்டை நீட்டினான்.
"இது உருளைக்கிழங்கு மூட்டைக்கே அசராது."
துடைக்கும் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்ற
நான்கு படுத்தன.
ஐந்தாவதற்கு மூடி மறுத்தது.

கணவாய் ஏறும்போது
பக்கத்து இருக்கைப் பையன் தூக்கத்தில் சரிந்து
முட்டை அட்டைமேல் தலை வைத்தான்.
அவன் அம்மாவும் உறங்குகிறாள்.
எழுப்பலாம். ஏழு வயதிருக்குமா?
உள்ளங்கையைத் தலைக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்து
ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தேன்.
முதலில் விரல் மரத்தது, பிறகு மணிக்கட்டு,
பிறகு அது யாருடைய கையோ.
இறங்கும்போது அவன் கன்னத்தில்
அட்டையின் மேடு பள்ளம் அச்சாக இருந்தது.

முகாமில், விளக்கடியில்,
ஒவ்வொரு ஓரத்திலும் நகத்தை ஓட்டினேன்.
அட்டையில் வந்த நான்கில் இரண்டுக்கு நெளிவு.
கூட்டில் வந்த நான்கும்
கடையில் வாங்கின அன்றிருந்தபடி.
பறக்க நான்குதான் வேண்டும்.
காலையில் பறந்தது, அசங்காமல்,
கரையிலிருந்து கரைக்குப் படம் பிடித்துத் திரும்பியது.
பெர்மெத் கை தட்டினாள், கையுறையோடு,
சத்தமே வரவில்லை.

ஆறாம் நாள் அதே மினிபஸ்.
கூட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.
டோக்தோசுன் வாங்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.
முன்பலகையில் உருண்டு உருண்டு
வலக் கண்ணில் நீளமாக ஒரு கீறல்.
"இனிமேல் அதற்குக் கூடு எதற்கு?
வெயிலுக்கு எதிரே திரும்பினால்
எனக்கு மட்டும் நடுவானில் ஒரு வெள்ளாறு ஓடுகிறது."
சிரித்தானா, திட்டினானா,
வளைவு வந்துவிட்டது, முகம் தெரியவில்லை.

அலுவலகக் கணக்கில்
கண்ணாடி ஒன்று என்று எழுதினேன்.
முட்டை முப்பது என்றும்.
கணக்காளர் முட்டையை மட்டும் வட்டமிட்டு
கேள்விக்குறி போட்டிருக்கிறார்.